அடிமைமுறைக்கு ஆதரவானவரைத் தமிழில் என்னவென்று சொல்வது?

போன மாதம் ஒரேயொரு சொல்லில் மாட்டுப்பட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரத்தை முழுசாகத் தொலைத்தோம். ஏ.எல். எடுக்கிற பிள்ளைகளுக்கு உலக வரலாற்றுக் குறிப்பு ஒன்றைத் தமிழில் எழுதிக் கொடுக்கிற வேலை. ஜம்பட்டா வீதிப் பக்கம் ஒரு மொட்டைமாடி, ஆறு பேர், ஒரு பிளாஸ்க் பிளேன்டீ. ஐந்தாவது பக்கத்தில் இந்த வசனம் வந்தது: 1837 நவம்பரில் இலினோய் மாநிலத்தின் ஓல்டன் நகரில், எலைஜா லவ்ஜோய் என்ற பத்திரிகையாசிரியரை ஒரு 'புரோ-ஸ்லேவரி' கும்பல் சுட்டுக் கொன்றது.

கொன்றது, கும்பல், பத்திரிகையாசிரியர் எல்லாத்துக்கும் தமிழ் இருக்கிறது. நடுவில நிற்கிற அந்தச் சொல்லுக்கு?

முதலில் 'அடிமை ஆதரவாளர்' என்று எழுதினோம். எழுதி வாய்விட்டு வாசித்ததும் சிரிப்பு வந்தது. "மச்சான், இது அடிமைகளுக்குச் சோறு போடுற ஆள் மாதிரிக் கிடக்கு." உண்மைதான். தமிழில் ஆதரவு என்பது அன்பான சொல். ஆதரவற்ற பிள்ளைகள் என்கிறோம், ஆதரவாய் நாலு வார்த்தை என்கிறோம். அடிமை ஆதரவாளர் என்றால் அடிமைக்கு ஆதரவானவர் என்றுதான் காது எடுக்கும். சரி, நடுவில 'முறை' போடுவோம்: 'அடிமைமுறை ஆதரவாளர்'. இப்ப கட்சி ஆதரவாளர், அணி ஆதரவாளர் மாதிரி ஆகிவிட்டது. கிரிக்கெட் மட்ச் பார்க்கப் போகிற ஆள்! 'ஆண்டான் பக்கத்தார்' என்று ஒருத்தர் சொன்னார். அது ஏதோ கூத்துப் பாட்டில வருகிற மாதிரி.

அப்பதான் எங்களுக்குள் ஒரு கேள்வி வந்தது. இவ்வளவு பழைய மொழி. அடிமை, ஆள், பண்ணையாள், படியாள், குடிமை, தொழும்பர் என்று அடிமைப்பட்டவருக்கு எத்தனையோ சொல் வைத்திருக்கிற மொழி. அடிமை வைத்திருப்பது சரி என்று நின்றவருக்கு மட்டும் ஏன் ஒரு சொல்லும் இல்லை? எங்களிடம் அப்படிப்பட்ட ஆட்களே இருக்கவில்லையா?

எங்கள் பதில்: இருந்தார்கள். அவர்களுக்குப் பெயர் தேவைப்படவில்லை. எதிர்த்து நிற்க ஆள் வரும்போதுதான் ஆதரவாளர் என்று ஒருவர் தனியாகத் தெரிவார். அதுவரைக்கும் அவர் வெறும் 'ஆட்கள்'தான், ஊரில் எல்லாரையும் போல.

அமெரிக்காவிலும் அப்படித்தான் நடந்தது. அடிமை ஒழிப்பு இயக்கம் சூடு பிடித்த 1830களில்தான் 'புரோ-ஸ்லேவரி' என்ற சொல் பத்திரிகைகளில் பரவலாக ஓடத் தொடங்கியது. வில்லியம் லொயிட் கரிசன் பொஸ்டனில் 'லிபரேட்டர்' பத்திரிகையைத் தொடங்கியது 1831-ல். அதற்கு முந்தியும் அடிமைச் சொந்தக்காரர்கள் லட்சக்கணக்கான மனிதரை வைத்திருந்தார்கள்தான். ஆனால் தங்களுக்கு ஒரு பெயர் வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்காது. தென் மாநிலத்தார் அடிமைமுறையை அந்தப் பெயராலேயே கூப்பிடக் கூசினார்கள். 'எங்கட தனித்துவமான ஏற்பாடு' என்றார்கள், 'வீட்டு ஏற்பாடு' என்றார்கள். அடிமைகளை 'வேலைக்காரர்' என்றார்கள், இன்னும் ஒருபடி மேலே போய் 'எங்கட சனம்' என்றார்கள். அடிமைமுறை கெட்டதுதான், ஆனால் தவிர்க்க ஏலாத கெடுதி என்று சொல்லிக்கொண்டிருந்த காலம் போய், 1837 பெப்ரவரியில் செனட்டில் எழும்பி இது கெடுதியே இல்லை, நன்மை என்று வெளிப்படையாகப் பேசினார் ஜோன் கல்ஹூன். லவ்ஜோய் கொல்லப்பட்டதும் அதே வருசம்தான்.

வடக்கில் இருந்துகொண்டு தெற்குக்கு வாக்குப் போட்ட அரசியல்வாதிகளுக்கு வேறொரு பெயர் கிடைத்தது. 'மாமுகம்' என்று தமிழில் சொல்லலாம்: பிசைந்த மாவில் செய்த முகம், எந்தப் பக்கம் அமத்தினாலும் அந்தப் பக்கம் கோணும். 1820-ல் வெர்ஜினியாவின் ஜோன் ரண்டொல்ஃப் அந்தச் சொல்லைப் புழக்கத்தில் விட்டவர். அவரே தோட்டக்காரர், அடிமைகளை வைத்திருந்தவர்! தங்கள் பக்கம் சாய்ந்தவர்களைப் பார்த்தே வந்த இளக்காரம் அது. மாமுகங்களைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுதலாம், கொழும்பில் அதற்கு ஆள் பஞ்சம் இல்லை.

எங்களுக்கு ஆகப் பிடித்த உதாரணம் கன்சாஸ். அங்கே அடிமைமுறை வருமா வராதா என்பதைக் குடியேறுகிறவர்களே தீர்மானிக்கட்டும் என்று 1854-ல் சட்டம் வந்தது. இரண்டு பக்கத்து ஆட்களும் துவக்கோடு போய் இறங்கினார்கள். அடிமைமுறை வேண்டும் என்ற பக்கம் தனக்கு வைத்துக்கொண்ட கட்சிப் பெயர் என்ன தெரியுமா? 'சட்டம் ஒழுங்குக் கட்சி'. அந்தப் பெயரை வாசித்தபோது மாடியில் ஒருத்தரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. சட்டம், ஒழுங்கு என்ற இரண்டு சொல்லையும் சேர்த்துக் கேட்டு வளர்ந்த ஆட்கள் நாங்கள்.

சரி, இது அமெரிக்கக் கதை. எங்கட கதைக்கு வருவோம்.

சுந்தரர் கதையைச் சின்ன வயசில கோயில் வகுப்பில் எல்லாரும் கேட்டிருப்போம். பெரிய புராணத்தில் வருவது. நம்பியாரூரருக்குக் கல்யாணம். பந்தலுக்குள் ஒரு கிழட்டு அந்தணர் வந்து, "இவன் எனக்கு அடிமை, இவன்ட பாட்டன் எழுதித் தந்த ஓலை இருக்கு" என்கிறார். வந்தவர் சிவன் என்பது கேட்கிற எங்களுக்குத் தெரியும், பந்தலில் இருந்தவர்களுக்குத் தெரியாது. மாப்பிள்ளைக்குக் கோபம் வருகிறது, ஓலையைப் பறித்துக் கிழிக்கிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர்ச் சபைக்குப் போகிறது. மூல ஓலை வருகிறது, கையெழுத்து ஒத்துப் பார்க்கப்படுகிறது, கிழவர் வெல்கிறார்.

இந்தத் தடவை திரும்ப வாசித்தபோது வேறொன்று கண்ணில் பட்டது. நம்பியாரூரரின் மறுப்பு என்ன? ஓர் அந்தணன் இன்னோர் அந்தணனுக்கு அடிமையாகிற பழக்கம் எங்கேயும் உண்டா என்பதுதான். சபையாரும் அதைத்தான் விசாரிக்கிறார்கள்: ஓலை உண்மையா, கையெழுத்து சரியா. மனிதனுக்கு மனிதன் அடிமையாகலாமா என்று அந்தப் பந்தலில் ஒரு ஆளும் கேட்கவில்லை. அது கேள்வியாகவே இல்லை. பேரனைப் பாட்டன் எழுதிக் கொடுக்கலாம் என்பதும் கேள்வியாக இல்லை. பக்தியின் இனிமையை நாங்கள் குறைத்துச் சொல்ல வரவில்லை. ஆட்கொள்ளுதல், அடியார், அடியேன் என்ற சொற்களில் எங்கட அம்மம்மாக்கள் அழுது கும்பிட்டிருக்கிறார்கள். ஆனால் அந்தச் சொற்களின் அடியில் கிடப்பது ஒரு ஆள் விற்பனை ஓலை. அதை ஒரு கோளாறாகவே பார்க்காத சமூகம்தான் அந்த உவமையை இவ்வளவு இலகுவாகக் கடவுளுக்கு எடுத்துக் கொடுத்திருக்க முடியும்.

இனி யாழ்ப்பாணம். ஒல்லாந்தர் காலம். 1706-07-ல் திசாவையாக இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் என்பவர் வடக்குத் தமிழரின் வழக்கங்களைத் தொகுத்து எழுதினார். அதைத் தமிழில் பெயர்த்து 12 முதலியார்களுக்குக் காட்டினார்கள், அவர்கள் சரி பார்த்து ஒப்புக்கொண்டார்கள். அதுதான் தேசவழமை. அதைப் பிரித்தானியர் 1806-ல் சட்டமாக உறுதிப்படுத்தினார்கள். இண்டைக்கும் அதன் சில பகுதிகள் நடைமுறையில் இருக்கின்றன. காணி விற்கிற நேரத்தில எங்கட வீடுகளில் அந்தப் பெயர் அடிபடும்.

காணி, சீதனம், முதுசம் பற்றிப் பேசுகிற அதே தொகுப்பில்தான் அடிமைகளுக்கும் ஒரு பகுதி இருக்கிறது. கோவியர், சாண்டார், பள்ளர், நளவர் என்று வகை பிரித்திருக்கிறது. சீதன ஓலையில் காணி, நகை, மாடு, அடிமை எல்லாம் ஒரே வரிசையில் வரும். வாசித்துப் பார்த்தால் எங்கேயும் ஆத்திரம் இல்லை, வாதம் இல்லை, கல்ஹூன் மாதிரி எழும்பி நின்று பேசுகிற தேவை இல்லை. தலைப்பே எல்லா வேலையையும் செய்துவிடுகிறது: வழமை.

இந்தச் சொல்லை நாங்கள் எத்தனை தடவை ஒரு நாளைக்குச் சொல்கிறோம்! வழமையா வாற பஸ். வழமை போல லேட். தமிழ்நாட்டில் 'வழக்கம்' என்பார்கள், எங்களுக்கு வழமை. பாரமே இல்லாத சொல். எங்களுக்கு இப்ப என்ன தோன்றுகிறது என்றால், தமிழில் புரோ-ஸ்லேவரி என்பதற்குச் சொல் இல்லாமல் இல்லை, இதுதான் அது. ஒருத்தன் மற்றவனைச் சொத்தாக வைத்திருப்பதை ஆதரித்த மனிதர் தன்னை ஆதரவாளர் என்று சொல்லவில்லை. "அப்பிடித்தான் வழமை" என்றார். அதற்கு மேல் அவரிடம் ஒன்றும் கேட்க முடியாது.

எங்களில் ஒருத்தர் இதற்கு மறுப்புச் சொன்னார், அதையும் எழுதத்தான் வேண்டும். ஒரு காலத்து ஆட்களை இண்டைய தராசில் நிறுப்பது நியாயமா, எல்லாரும் செய்ததை ஒரு ஆள் எப்படித் தப்பென்று கண்டிருக்க முடியும் என்று கேட்டார். நல்ல கேள்வி. ஆனால் அந்த 'எல்லாரும்' என்பதற்குள் யார் இருக்கிறார்கள்? 12 முதலியார்களிடம் கேட்டார்கள். நளவர், பள்ளர் ஒருவரிடமும் வழமை இதுதானா என்று கேட்கவில்லை. அவர்களிடம் கேட்டிருந்தால் வேறொரு தேசவழமை வந்திருக்கும்.

1816-ல் நடந்ததையும் சொல்ல வேண்டும். பிரதம நீதியரசர் அலெக்சாண்டர் ஜோன்ஸ்டனின் முயற்சியால், கொழும்பு, யாழ்ப்பாணம் உட்படப் பல ஊர்களில் இருந்த அடிமைச் சொந்தக்காரர்கள் ஒரு தீர்மானத்துக்கு உடன்பட்டார்கள்: 1816 ஓகஸ்ட் 12-க்குப் பிறகு தங்கள் அடிமைகளுக்குப் பிறக்கிற பிள்ளைகள் சுதந்திரர். அந்தத் தேதி இளவரசரின் பிறந்தநாள், பிற்காலத்தில் நாலாம் ஜோர்ஜ் ஆனவர். பெரிய மனசுதான். ஆனால் கூர்ந்து பாருங்கள்: பிறக்காத பிள்ளைக்கு விடுதலை, வயித்தில சுமந்தவளுக்கு இல்லை. ஓகஸ்ட் 11 பிறந்த அக்காவுக்கும் இல்லை. கையில் இருக்கிற எதையும் இழக்காமல் கொடுத்த கொடை அது.

பிறகு 1818-ல் அடிமைகளைப் பதிவு செய்யச் சொல்லிச் சட்டம். 1821-ல் யாழ்ப்பாணத்து அடிமைப் பெண்களுக்குப் பிறக்கிற பெண் குழந்தைகளின் விடுதலையை அரசே காசு கொடுத்து வாங்கியது. அடிமைத்தனம் தாய்வழி போனதால் பெண் பிள்ளை. ஒரு குழந்தைக்கு விலை இரண்டு, மூன்று ரிக்ஸ்டொலர். கோவியப் பிள்ளைக்குக் கூட, நளவ, பள்ளப் பிள்ளைக்குக் குறைவு. விடுதலையிலும் சாதி விலை! காசு போனது சொந்தக்காரருக்கு. 1833-ல் பிரித்தானியப் பாராளுமன்றம் அடிமை ஒழிப்புச் சட்டம் போட்டபோது சொந்தக்காரர்களுக்கு என்று இரண்டு கோடி பவுண் ஒதுக்கியது. இலங்கையை அந்தச் சட்டத்திலிருந்தே விலக்கிவிட்டார்கள். கொடுத்த காசுக்கு வைத்த பெயர் 'இழப்பீடு'. யாருடைய இழப்பு என்று அந்தச் சொல் சொல்லாது. இலங்கையில் அடிமைமுறையைச் சட்டப்படி ஒழித்தது 1844-ன் 20ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம்.

இந்தக் காலகட்டத்தைப் பற்றி நீரா விக்கிரமசிங்க 2020-ல் ஆங்கிலத்தில் ஒரு புத்தகம் எழுதியிருக்கிறார், 'பல்லக்கில் ஓர் அடிமை' என்று தலைப்பைத் தமிழாக்கலாம். வாசிக்க முடிந்தவர்கள் வாசியுங்கள்.

1844-க்குப் பிறகு 'அடிமை' என்ற சொல் சட்டத்தை விட்டுப் போனது. ஆனால் காணி யாரிடம் இருந்ததோ அவரிடமே இருந்தது, கிணறும் அப்படித்தான். ஆக, வேலையும் அப்படியே இருந்தது. அதற்கு ஒரு பெயர் தேவைப்பட்டபோது கை எட்டுகிற தூரத்தில் ஒன்று கிடந்தது: குடிமை. செத்தவீட்டுக்கு, கலியாணத்துக்கு, அறுவடைக்கு வந்து நிற்க வேண்டிய கடமை. "அவை எங்கட குடிமையள்" என்று சொல்கிற வயசானவர்களை எங்களில் இரண்டு பேர் சொந்த வீட்டிலேயே கேட்டிருக்கிறோம், அதுவும் பாசமாக. குடி என்றால் குடும்பம். குடிமை என்றால் குடும்பத்தோடு சேர்ந்தவர். இப்ப நாங்கள் நாட்டின் குடிமக்கள் என்கிறோமே, அதே வேர்தான். ஒரு பக்கம் உரிமை உள்ளவர், மறுபக்கம் உரிமை இல்லாதவர், இரண்டு பேருக்கும் ஒரே சொல். கே. டானியலின் 'பஞ்சமர்' நாவலை வாசித்தவர்களுக்கு இன்னொரு பக்கமும் தெரியும்: வேலை வாங்குகிறவரை நயினார், நாச்சியார் என்று கூப்பிட வேண்டும். கடவுளுக்குச் சொல்கிற சொற்கள். அடிமைச் சொந்தக்காரரைக் குறிக்க எங்களிடம் வசைச் சொல் இல்லை, வணக்கச் சொல்தான் இருக்கிறது.

வழமை என்ற சொல் 1844-ல் ஓயவில்லை. 1957-ல் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் வந்தது. கோயிலுக்குள் ஒருவரைச் சாதி சொல்லி மறிப்பது குற்றம் என்றானது. 1968-ல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் தாழ்த்தப்பட்ட மக்கள் உள்ளே போக நின்றபோது மறித்து நின்றவர்களுக்கு முன்னணியில் இருந்தவர் சி. சுந்தரலிங்கம். கணிதப் பேராசிரியர், முன்னாள் அமைச்சர். வழக்கு நடந்து, மேன்முறையீடு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. மறித்தவர்கள் நாங்கள் தீண்டாமைக்கு ஆதரவு என்று பலகை பிடிக்கவில்லை. கோயிலின் வழமை இது என்றார்கள். படித்த ஆட்கள், சொல்லத் தெரியும்.

வடக்கைச் சொல்லிவிட்டுக் கொழும்பைச் சொல்லாமல் விட்டால் எங்களுக்கே வெட்கம். எங்கட மாடியிலிருந்து பார்த்தால் வுல்பெண்டால் தேவாலயம் தெரியும். 1749-ல் கட்டத் தொடங்கி 1757-ல் திறந்தது. ஒல்லாந்தர் காலத்துக் கொழும்பில் நல்லாய் வாழ்ந்த வீடு ஒவ்வொன்றிலும் அடிமைகள் இருந்தார்கள். இந்தோனேசியத் தீவுகளிலிருந்து, கிழக்கு ஆபிரிக்காவிலிருந்து, அதோடு சோழமண்டலக் கரையிலிருந்தும் கொண்டு வந்தார்கள். 1660 வாக்கில் தஞ்சாவூர்ப் பக்கம் போரும் பஞ்சமும் வந்தபோது நாகப்பட்டினத்திலிருந்து கப்பலேற்றப்பட்டவர்கள் ஆயிரக்கணக்கில். தமிழ் பேசியவர்கள். அவர்களை வீட்டில் வைத்துக்கொண்டு ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போனவர்களின் பெயர்கள் அந்தத் தேவாலயத்துக் கல்லறைக் கற்களில் அழகாகச் செதுக்கியிருக்கின்றன. அடிமைகளின் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை.

அவர்களின் நினைவாக இருந்தது ஒரு இடப்பெயர்தான். பேரை ஏரிக்கு அந்தப் பக்கம், ஆங்கிலத்தில் 'ஸ்லேவ் ஐலண்ட்', அடிமைத் தீவு. தமிழில் நாங்கள் எப்பவும் கொம்பனித்தெரு என்றுதான் சொல்லி வந்தோம். ஒரே நிலத்துக்கு இரண்டு பெயர்: ஒன்று அடைக்கப்பட்டவர்களைச் சொல்கிறது, மற்றது கொம்பனியைச் சொல்கிறது. 2022 கடைசியில், இனி மூன்று மொழியிலும் கொம்பனித்தெருதான் என்று அரசு அறிவித்தது. அவமானமான பெயர் போகட்டும் என்பது விளக்கம். எங்களுக்குள் இதில் ஒற்றுமை இல்லை. அந்தப் பெயர்ப்பலகைக்குக் கீழே கடை வைத்திருக்கிற ஆளுக்கு அது அவமானம்தான், எங்களால் மறுக்க முடியாது. ஆனாலும் ஒரு குழந்தை "ஏன் இந்தப் பேர்?" என்று கேட்க இருந்த ஒரேயொரு பலகை அது. இனிக் கேட்காது.

மலைநாட்டுக்கு வந்தவர்களைப் பற்றி நீளமாக எழுதப் போவதில்லை, அது தனி வரலாறு. ஒரு சொல் மட்டும். அடிமைமுறை ஒழிந்த அதே 1840களில்தான் கோப்பித் தோட்டங்களுக்கு ஆயிரமாயிரமாய் ஆள் வந்து இறங்கியது. அவர்கள் அடிமைகள் இல்லை, 'கூலி'கள். கூலி என்றால் சம்பளம், சம்பளம் வாங்குகிறவன் எப்படி அடிமை? ஆனால் அவர்கள் கடனோடு வந்தார்கள். வேறு தோட்டத்துக்கு மாற வேண்டும் என்றால் 'துண்டு' வேண்டும், கடனைப் புதிய தோட்டம் கட்டினால்தான் துண்டு கிடைக்கும். அந்தத் துண்டு முறை ஒழிந்தது 1921-ல். அதுவரை ஆள் மாறவில்லை, கடன்தான் கை மாறியது என்று துரைமார் சொல்லிக்கொள்ளலாம்.

இவ்வளவும் பேசி முடிக்கிற நேரம் பிளாஸ்க் காலி. எங்களில் ஒருத்தி மட்டும் அதுவரை பேசாமல் இருந்தாள். பிறகு சொன்னாள்: "எங்கட அம்மா பதினொரு வயசில வந்தவ."

ஹட்டன் பக்கத்து லயத்திலிருந்து வெள்ளவத்தையில் ஒரு வீட்டுக்கு. பத்து வருசம் நின்றிருக்கிறார். 'நின்றார்' என்பதைக் கவனியுங்கள். கொழும்புத் தமிழில் வீட்டு வேலைக்காரர் வேலை செய்வதில்லை, 'நிற்கிறார்'. வீட்டோட நிக்கிற பிள்ளை. சம்பளம் என்று ஒன்று அப்பாவின் கைக்கு வருசத்தில் இரண்டு தரம் போனது. பள்ளிக்கூடம் இல்லை. அடித்தார்களா என்று ஒருத்தர் கேட்டார். "இல்ல. நல்லாத்தான் பாத்தாங்களாம். 'எங்கட பிள்ளை மாதிரி' எண்டு வாறவங்ககிட்ட எல்லாம் சொல்வாங்களாம்."

எங்கட பிள்ளை மாதிரி. கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் இந்த வசனத்தைக் கேட்காத வீடு உண்டா? எங்கள் ஆறு பேரில் நாலு பேருடைய வீட்டில் ஏதோ ஒரு காலத்தில் அப்படி ஒரு பிள்ளை நின்றிருக்கிறது. அன்றைக்குத்தான் எண்ணிப் பார்த்தோம். 'மாதிரி' என்ற அந்தச் சின்னச் சொல்லுக்குள் எவ்வளவு இருக்கிறது. சொந்தப் பிள்ளைக்கு டியூஷன், மாதிரிப் பிள்ளைக்குத் தேங்காய் துருவல். சொந்தப் பிள்ளை கட்டிலில், மாதிரிப் பிள்ளை குசினியில பாய் விரித்து.

இது பழங்கதை என்று யாரும் நினைக்க வேண்டாம். 2021 ஜூலையில், கொழும்பில் ஒரு அரசியல்வாதியின் வீட்டில் வேலைக்கு நின்ற 16 வயது மலையகப் பிள்ளை தீக்காயங்களோடு ஆஸ்பத்திரியில் இறந்துபோனபோது நாங்களும் பதாகை பிடித்து நின்றோம். நல்ல ஆத்திரம்தான். ஆனால் அந்த ஆத்திரம் ஒரு வீட்டு வாசலோடு நின்றுபோனது. அந்த வீட்டைத் திட்டிவிட்டு எங்கள் வீடுகளுக்கு வந்து பிளேன்டீ கேட்டோம். சட்டத்தைப் பார்த்தால், வீட்டு வேலையாட்களுக்கென்று இந்த நாட்டில் 1871-ல் ஒரு பதிவுச் சட்டம் போட்டிருக்கிறார்கள். அதில் பதியப்பட வேண்டியவர் வேலையாள்தான், பொலிஸில். வைத்திருக்கிறவருக்கு அப்படி ஒரு பதிவும் இல்லை.

வீட்டு வேலையையும் அடிமைமுறையையும் ஒன்றாக்குகிறீர்களா என்று கேட்பீர்கள். இல்லை. வளர்ந்த ஆள் ஒருவர் சம்பளம் பேசி, லீவு பேசி, பிடிக்காவிட்டால் விட்டுப் போகக்கூடிய வேலை வேறு. அதையும் அடிமை என்றால் உண்மையான அடிமைகளை நாங்கள் மலிவாக்குகிறோம். ஆனால் விட்டுப் போக முடியாத, தானே பேசாத, அப்பா கையில் காசு வாங்கி விட்டுப்போன பதினொரு வயதை என்ன சொல்வது? அந்த வீட்டு ஆட்களை என்ன சொல்வது? கெட்டவர்கள் இல்லை. மகளின் கலியாணத்துக்கு நகை போட்டவர்கள். அவர்களிடம் போய் நீங்கள் எதை ஆதரித்தீர்கள் என்று கேட்டால் அவர்களுக்கு உண்மையாகவே கேள்வி விளங்காது. அப்ப எல்லா வீட்டிலயும் அப்படித்தானே, வழமைதானே என்பார்கள்.

அடுத்த கிழமை அவள் அம்மாவிடம் கேட்டுக்கொண்டு வந்தாள். அந்த வீட்டம்மாவை என்னவென்று கூப்பிட்டீங்க? பெரியம்மா. அவங்க உங்களை? சாந்தி. அம்மாவின் பெயர் சாந்தி இல்லை. அந்த வீட்டு மகளுக்கும் அம்மாவுக்கும் ஒரே பெயராம், குழப்பம் வரும் என்று வந்த அன்றைக்கே மாற்றி வைத்திருக்கிறார்கள். இண்டைக்கும் தீபாவளிக்குப் பெரியம்மா போன் எடுப்பா. "சாந்தி, சுகமா இருக்கியா?" அம்மாவும் "ஓம் பெரியம்மா" என்பா.

குறிப்பு அச்சுக்குப் போய்விட்டது. ஓல்டன் வசனத்தைக் கடைசியில் இப்படி எழுதியிருக்கிறோம்: 'அடிமை வைத்திருப்பது தங்கள் உரிமை என்று சொன்ன ஒரு கும்பல் எலைஜா லவ்ஜோயைச் சுட்டுக் கொன்றது.' நீளம்தான், ஒற்றைச் சொல் இல்லைதான். ஆனால் வைத்திருந்தவர் யார், சொன்னவர் யார் என்று வசனத்துக்குள்ளேயே ஆள் நிற்கிறார். அதே யோசனையில் மற்றப் பக்கங்களிலும் 'அடிமைகளாக இருந்தார்கள்' என்று வந்த இடமெல்லாம் 'அடிமைகளாக வைத்திருந்தார்கள்' என்று மாற்றினோம், மொத்தம் 14 இடம். இரண்டாம் பதிப்பு தை மாதம் அடிக்கிறோம். அதற்குள் நல்ல சொல்லாக ஒன்று உங்களுக்குத் தட்டுப்பட்டால் சொல்லுங்கள், ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் மாடியில்தான் இருப்போம்.